நாற்பத்திரண்டாம் தாள்

லிந்துலை
20.09.2004

ஆவண நடுவத்தின் பயிற்சிப் பொறுப்பாளர் ரோகினி மிஸ் அவர்களுக்கு,

எதை எழுதப்போகிறேன் என்று முதலில் குறித்துக்கொள்ளாமல் எனக்கு எழுத வராது. தோட்டத்து அலுவலகத்தில் முப்பத்துநான்கு வருடம் கிளாக்கராக இருந்ததில் ஒட்டிக்கொண்ட பழக்கம். ஆகவே:

1. கடந்த 17ஆம் திகதி வெள்ளிக்கிழமை, உடன் பயிலும் எட்டுப் பேர் முன்னிலையில் என்னை வரவேண்டாம் என்று சொன்னது முறையல்ல என்பது பற்றி.
2. தாள்களை எண்ணி ஒப்பமிடும் புத்தகத்தில், செப்டெம்பர் 3ஆம் திகதிக்கு நேரே உங்கள் ஒப்பம் இல்லாதது பற்றி.
3. ஊசிப்பாறைத் தோட்டத்துக் குடும்பப் பதிவேட்டின் 42ஆம் தாள் என் கையில் தொலையவில்லை, ஸ்கேனர் மேசையில்தான் தொலைந்தது என்பது பற்றி.
4. என் வயது பற்றி.

முதலாவது. நீங்கள் என்னை அறைக்குள் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். "ஐயா, திங்கட்கிழமையிலயிருந்து நீங்கள் வரத் தேவையில்லை. தாள் கிடைச்சால் சொல்லியனுப்புவம்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னீர்கள். எனக்குப் பதில் மூன்று நாள் கழித்துத்தான் வரும். ஹட்டனிலிருந்து லிந்துலை வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். இடம் இருந்தது; உட்காரத் தோன்றவில்லை.

இரண்டாவது. பெட்டியிலிருந்து எதை எடுத்தாலும் எடுக்கும்போது ஓர் எண்ணிக்கை, திரும்ப வைக்கும்போது ஓர் எண்ணிக்கை, இரண்டுக்கும் பொறுப்பாளர் ஒப்பம் என்று முதல் நாளே கற்பித்தவர் நீங்கள். செப்டெம்பர் 3 அன்று, துருப்பிடித்த குண்டூசிகளை எடுத்துத் தூசி தட்டுவதற்காக அந்தப் பதிவேடு என்னிடம் தரப்பட்டது. எடுக்கும்போது 212 தாள். உங்கள் ஒப்பம் இருக்கிறது. திரும்ப வைக்கும்போது, கொழும்பிலிருந்து விருந்தினர் வந்துவிட்டார்கள் என்று எழுந்து போய்விட்டீர்கள். அந்தக் கட்டம் இன்னும் வெறுமையாக இருக்கிறது.

மூன்றாவது. நான் நாடாவை அவிழ்த்தேன், ஊசிகளை எடுத்தேன், தாள்களைத் தூரிகையால் தட்டினேன், நாடாவைக் கட்டி வைத்தேன். அதற்குப் பிறகு பதினொரு நாள் பதிவேடு ஸ்கேனர் மேசையில் நாடா அவிழ்ந்தபடி இருந்தது. 14ஆம் திகதி எங்களோடு பயிலும் றம்ஸியா ஸ்கேன் செய்யும்போது 41க்குப் பிறகு 43 வந்தது. அந்த மேசைக்குப் பக்கத்து ஜன்னலுக்குக் கொக்கி இல்லை. காற்றடித்தால் தானாகத் திறந்துகொள்ளும். மேலே எழுத வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

நான்காவது. "இந்த வயசில கவனம் சிதறும்தானே" என்று நீங்கள் றம்ஸியாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. ஆகஸ்டில் அந்தப் பதிவேட்டின் தாள்களுக்குப் பென்சிலால் எண் போட்டவன் நான்தான். 212 எண்களில் ஒன்றைக்கூட அழித்து எழுதவில்லை. கணினியில் விவரம் பதிய மற்றவர்களைவிட எனக்கு நேரம் எடுக்கும்; ஒத்துக்கொள்கிறேன். எழுதியதை எப்படிக் காப்பது என்று என் வேலைக்காலத்தில் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அதைக் கற்கத்தான் அறுபத்தேழு வயதில் மாணவனாக வந்தேன். உதவியாளர் வேலை கிடைத்தால் மகிழ்ச்சி என்றும் நினைத்தேன். மறைக்கவில்லை.

ஆ. செல்லசாமி


ஹட்டன்
24.09.2004

செல்லசாமி ஐயாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். நான்கு தலைப்புகள் இருக்கின்றன. தாள்தான் இல்லை.

என் ஒப்பம் இல்லாத கட்டத்தைக் கண்டுபிடித்திருக்கிறீர்கள். இருக்கட்டும். ஒப்பம் போடாததால் தாள் எழுந்து நடக்காது. அன்று அந்தப் பதிவேட்டை அவிழ்த்துக் கட்டியவர் நீங்கள் ஒருவர்தான். ஜன்னல் பற்றி எழுதியிருக்கிறீர்கள். காற்று 212 தாள்களில் நடுவிலிருந்து ஒன்றை மட்டும் உருவிக்கொண்டு போகுமா?

அந்தத் தாள் யாருடையது என்பது உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லாதது எனக்கு வியப்பாக இருக்கிறது. அது ஐந்தாம் நம்பர் லயத்தில் குடியிருந்த வீரய்யா குடும்பத்தின் தாள். 1964இல் அதை எழுதியவர் நீங்கள். வீரய்யாவும் மனைவியும் மகன்மாரும் பின்னர் இந்தியா போய்விட்டார்கள். வீரய்யா அங்கேயே காலமாகிவிட்டார். மூத்த மகள் அழகம்மா கல்யாணமாகி இங்கேயே தங்கிவிட்டார். அவருக்கு இப்போது ஐம்பத்துநான்கு வயது. பிறப்புச் சான்றிதழ் இல்லை, அடையாள அட்டை இல்லை. கொழும்பில் வேலைசெய்யும் மகளைப் பார்க்கப் போய் இரண்டு தடவை பொலிஸ் நிலையத்தில் உட்காரவைக்கப்பட்டவர். 1964 ஒக்டோபரில் அவர் இந்த நாட்டில்தான் இருந்தார் என்பதற்கு எழுத்தில் இருக்கும் ஒரே ஆதாரம் 42ஆம் தாள். போன வருடச் சட்டப்படி பிரசாவுரிமை பெற அதைத்தான் காட்ட வேண்டும். அவரது விசாரணை ஒக்டோபர் 28ஆம் திகதி நுவரெலியாவில். இன்னும் ஐந்து கிழமைகூட இல்லை.

இன்னொன்றும் கேள்விப்பட்டேன். காலைப் பெரட்டில், பேர் கூப்பிடும் களத்தில், எல்லோருக்கும் முன்னால் வீரய்யா உங்களை ஒருநாள் தலைகுனிய வைத்தாராம். அழகம்மாவே சொன்னார். அந்தப் பதிவேட்டின் 212 குடும்பங்களில் அவருடைய தாள் மட்டும் காணாமல் போயிருக்கிறது. நான் எதுவும் சொல்லவில்லை. நீங்கள்தான் ஒழுங்காகக் குறித்து யோசிப்பவர், யோசியுங்கள்.

உங்கள் மூன்றாவது தலைப்பை றம்ஸியாவுக்கும் வாசித்துக் காட்டினேன். அழுதாள்.

ரோகினி துரைராசா


லிந்துலை
29.09.2004

ரோகினி மிஸ் அவர்களுக்கு,

பதினைந்து வரி எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். இம்முறை எண் போடவில்லை.

1970ஆம் ஆண்டு நடந்ததை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். பாதி தெரிந்தவர்கள் பேசுவதைவிட அது நல்லது. முதல் நாள் மழை. ஆறு பெண்கள் மலையில் நனைந்துகொண்டு கொழுந்து எடுத்திருந்தார்கள். மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு கொடுத்த குறிப்பைத் தவறாகப் பார்த்து அவர்களுக்கு அரை நாள் என்று பதிந்துவிட்டேன். மறுநாள் பெரட்டில், தோட்டத்துத் துரையும் கண்டாக்கும் நிற்கும்போது வீரய்யா முன்னால் வந்தார்.

"என்னா கிளாக்கரே, மழ பேஞ்சா ஒம்ம பேனாவுக்குக் கண்ணு தெரியாதா? ஆறு பொம்பளைங்க வெடவெடன்னு நடுங்கிக்கிட்டு நின்னது ஒமக்கு அரை நாளா? நீரு எழுதுனாத்தான் நாங்க வந்தோம், எழுதலேன்னா வரலியா?"

களம் முழுவதும் சிரித்தது. துரைக்கு மொழிபெயர்த்துச் சொன்னார்கள், அவரும் சிரித்தார். அன்றே அந்த ஆறு பேரின் பதிவையும் திருத்தினேன். வீரய்யா சொன்னது சரி. எனக்கு வெட்கமாக இருந்தது. பல நாள் இருந்தது. வெட்கமும் வஞ்சமும் ஒன்றென்று நீங்கள் நினைத்தால், அந்த வித்தியாசத்தைக் கற்பிக்க என்னால் இயலாது.

ஒரு மனிதன் முப்பத்துநான்கு வருடம் காத்திருந்து, பயிற்சியில் சேர்ந்து, கைக்குக் கையுறை போட்டுக்கொண்டு, இறந்துபோன ஒருவரைப் பழிவாங்க அவர் மகளின் தாளைத் திருடினான் என்று நீங்கள் எழுதவில்லை. எழுதாமல் எழுதியிருக்கிறீர்கள். படித்தவர்களின் வழி அது.

நானும் சந்தேகத்தை எழுதுகிறேன். ஸ்கேனரின் மூடியைத் திறந்தபடி விட்டுவிட்டு றம்ஸியா தன் வாப்பாவின் கடைக்குப் போய்த் தேநீர் கொண்டுவருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். நல்ல பிள்ளைதான். ஆனால் தாள் அந்த மேசையில்தான் போனது. மேசைக்குப் பின்னால், அலுமாரிக்கு அடியில், ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் ஓடும் கானுக்குள் தேடினீர்களா? தேடியிருந்தால் அதை எழுதியிருப்பீர்கள்.

இந்தக் கடிதத்தின் பிரதியை நடுவத்தின் குழுவுக்கும் அனுப்ப எண்ணினேன். தபாற்கந்தோர் வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன்.

ஆ. செல்லசாமி


ஹட்டன்
04.10.2004

செல்லசாமி ஐயாவுக்கு,

அலுமாரியை நகர்த்தினோம். மேசையைக் கவிழ்த்தோம். கானில் இறங்கிப் பார்த்தோம். செத்த எலி ஒன்று கிடைத்தது. அதையும் உங்கள் எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமையிலிருந்து றம்ஸியா வருவதில்லை. அவளுடைய வாப்பா மஃறூப் என்னிடம் வந்து, "எங்கட புள்ளக்கி கள்ளிண்டு பேர் வாங்கிக் குடுக்கவா மிஸ் நான் படிக்க அனுப்பினன்?" என்று கேட்டார். ஹட்டன் கடைத்தெருவில் அதற்குள் பரவிவிட்டது. உங்கள் கடிதத்தைக் காட்டியிருக்க வேண்டும்.

சனிக்கிழமை அழகம்மா வந்தார். மூன்றாவது தடவை. படியில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, "தாயி, தாளு வந்திருச்சா?" என்றார். இல்லை என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. கணினியைக் காட்டி, "இந்தப் பொட்டிக்குள்ள எல்லாந் தெரியும்னு சொன்னீங்களே, அதுல போயி கேளுங்க, அழகம்மான்னு ஒருத்தி இருந்தாளா இல்லியான்னு" என்றார். ஸ்கேன் செய்யாத தாள் அதற்குள் இருக்காது.

உங்கள் வீட்டு விலாசத்தைக் கொடுத்திருக்கிறேன். எனக்குச் சொல்லாததை அவருக்காவது சொல்லுங்கள். தேர்வுக் குழு 28ஆம் திகதி கூடுகிறது. அதற்குள் தாள் கிடைக்காவிட்டால், காணாமல் போகும்போது யார் கையில் இருந்தது என்று அவர்களுக்கு எழுதுவேன்.

ரோகினி துரைராசா


லிந்துலை
09.10.2004

ரோகினி மிஸ் அவர்களுக்கு,

அழகம்மா வந்தார். நேற்றுப் பின்னேரம், நல்ல மழையில். குடையை மடக்கவில்லை, உள்ளே வரவில்லை. வாசலில் நின்றார்.

"ஒக்காருங்கம்மா" என்றேன்.

"ஒக்கார வரல. எங்கப்பன எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்கன்னு கேட்டுட்டுப் போக வந்தேன்."

"நான் எடுக்கலம்மா."

"நீங்க எடுக்கல, அந்தப் பொண்ணு எடுக்கல, மிஸ் எடுக்கல. பூச்சியா எடுத்திச்சி? பூச்சி தின்னாலும் ஓரத்துல கொஞ்சம் மிச்சம் வைக்குமே கிளாக்கரய்யா. செத்தவனுக்கு ஒரு குழியாச்சும் இருக்கு. உசுரோட இருக்கிற எனக்கு ஒரு தாளு இல்ல."

நான் நாற்காலியை வாசலருகே இழுத்துப் போட்டேன். அது அவருக்கு இன்னும் கோபத்தை மூட்டியது.

"எழுபத்தொண்ணுல எங்கப்பன் கப்பலேறப் போனப்ப நான் ஒங்க ஆப்பீஸ் ஜன்னலுக்கு வெளிய நின்னேன். நெனப்பிருக்கா? நீங்க செவப்பு மையில கோடு கிழிச்சீங்க. அப்பனுக்கு ஒண்ணு, ஆத்தாளுக்கு ஒண்ணு, தம்பிங்க ரெண்டு பேருக்கும். எம்பேருகிட்ட வந்து பேனா நின்னிச்சி. தலயத் தூக்கி, 'இது இருக்குதா, போவுதா'ன்னு கேட்டீங்க. மாட்டக் கேக்குற மாதிரி. 'இருக்குது'ன்னேன். எழுதினீங்க. அந்த 'இருக்குது' எங்கய்யா?"

தண்ணீர் கேட்டார். கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டுக் குவளையைப் படியில் வைத்துவிட்டுப் போனார்.

ஒரு விடயம் கேட்க வேண்டும். பதிவேடு இருந்த அந்தப் பெட்டியின் அடியில், தடித்த பழுப்புத் தாளால் சுற்றிய தனிக் கட்டு ஒன்று இருக்கும். ஒரு குடும்பம் இந்தியாவுக்குப் போய்விட்டால், அவர்கள் பேர்களில் சிவப்புக் கோடு போட்டு, தாளைப் பதிவேட்டிலிருந்து கழற்றி அந்தக் கட்டில் சேர்ப்பது எங்கள் அலுவலக வழக்கம். 'போனவர்கள் கட்டு' என்போம். 3ஆம் திகதி நான் வேலை செய்தபோது அந்தக் கட்டும் அதே மேசையில் இருந்தது.

தேடுதல் முழுமையாக இருக்க வேண்டும் என்பதற்காக மட்டும், அதையும் ஒருமுறை பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இதனால் என் மூன்றாவது விடயத்தை நான் மாற்றிக்கொண்டதாகக் கொள்ள வேண்டாம்.

ஆ. செல்லசாமி


ஹட்டன்
13.10.2004

செல்லசாமி ஐயாவுக்கு,

தாள் கிடைத்துவிட்டது. 'முழுமைக்காக மட்டும்' பார்க்கச் சொன்ன கட்டில், மேலிருந்து மூன்றாவது.

நான்கு பேர்களில் சிவப்புக் கோடு இருக்கிறது. ஐந்தாவது பேர் அழகம்மா. கோடு இல்லை. எதிரே 'இருப்பு' என்று எழுதி ஒப்பமிட்டிருக்கிறீர்கள். மேல் மூலையில் பென்சிலால் 42. அந்தக் கட்டில் இருக்கும் வேறெந்தத் தாளிலும் பென்சில் எண் இல்லை. ஆகவே ஆகஸ்டில் எண் போட்டபோது அது பதிவேட்டில் இருந்திருக்கிறது. 1971இல் அல்ல, இந்த வருடம் செப்டெம்பர் 3ஆம் திகதி நீங்கள்தான் அதைக் கழற்றி அங்கே வைத்தீர்கள்.

முதல் கிழமையிலேயே நான் சொன்னது இதுதான்: வந்த ஒழுங்கைக் குலைக்காதீர்கள், உங்களுக்குச் சரி என்று பட்டாலும் குலைக்காதீர்கள். அன்று நீங்கள் குறிப்புப் புத்தகத்தில் அதன் கீழே இரண்டு கோடு போட்டதை நான் பார்த்தேன்.

சிக்கல் இத்தோடு முடியவில்லை. விசாரணைக்குத் தாளோடு, அது எங்கே இருந்து எடுக்கப்பட்டது என்றும் நாங்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். 'இந்தியா போனவர்கள் கட்டில்' என்று எழுதினால், குடும்பத்தோடு மகளும் போய்விட்டாள், திருட்டுத்தனமாகத் திரும்பி வந்தவள் என்று அவர்கள் சொல்ல இடம் உண்டு. 'பதிவேட்டில்' என்று எழுதினால் அது பொய். ஆகவே ஒரே வழிதான். பென்சில் எண் என்னுடையது, தாள் பதிவேட்டில்தான் இருந்தது, அதைத் தவறாக இடம்மாற்றியவன் நான் என்று நீங்கள் எழுதி ஒப்பமிட்டு, 28ஆம் திகதி நேரில் வந்து சொல்ல வேண்டும்.

அப்படி எழுதிக் கொடுத்தால் உங்களுக்குச் சான்றிதழும் இல்லை, உதவியாளர் வேலையும் இல்லை. ஒழுங்கைக் குலைத்தவருக்குச் சான்றிதழ் இல்லை என்பது நான் போட்ட விதி. உங்கள் தலைமுடி நரைத்திருக்கிறது என்பதற்காக அதை மாற்ற மாட்டேன். அந்த விதியை எனக்கும் வைத்துக்கொள்கிறேன்: செப்டெம்பர் 3 அன்று நான் எண்ணாமல் எழுந்து போனேன் என்று குழுவுக்கு எழுதிவிட்டேன்.

ரோகினி துரைராசா


லிந்துலை
17.10.2004

ரோகினி மிஸ் அவர்களுக்கு,

நான்கு நாளாக வாக்குமூலத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்று வகையாக எழுதினேன். ஒன்றில் 'தவறுதலாக' என்ற சொல் இருக்கிறது, ஒன்றில் இல்லை, ஒன்றில் இரண்டு முறை வருகிறது.

நான் செய்ததாக எனக்கு நினைவே இல்லை. தூரிகையால் தட்டியது நினைவிருக்கிறது. வெளியே மழை பெய்தது நினைவிருக்கிறது. தாளைக் கழற்றியது நினைவில் இல்லை. நினைவில் இல்லாததற்கு எப்படி ஒப்பமிடுவது?

தயக்கத்தோடு இன்னொன்று கேட்கிறேன். தாள் கிடைத்த விடயம் இன்னும் வெளியே தெரியாது என்றே நினைக்கிறேன். அதை எடுத்து 41க்கும் 43க்கும் நடுவில், அது இருந்த இடத்தில், வைத்துவிட்டால் என்ன? அது பொய்யாகாது; உண்மையில் அதன் இடம் அதுதான். பிறகு 'பதிவேட்டிலிருந்து எடுக்கப்பட்டது' என்று எழுதலாம். அழகம்மாவுக்கு ஒரு குறையும் வராது. உங்கள் வெறுமையான கட்டம் பற்றியும் யாரும் பேச மாட்டார்கள். நான்கு மாதம், வெயில் மழை பாராமல் வந்து படித்திருக்கிறேன். அதையும் யோசிக்கும்படி கேட்கிறேன்.

ஆ. செல்லசாமி


ஹட்டன்
20.10.2004

செல்லசாமி ஐயாவுக்கு,

மாட்டேன்.

ஊசிப்பாறைப் பதிவேட்டைக் கேட்டு இதுவரை முப்பத்தெட்டுப் பேர் வந்திருக்கிறார்கள். இன்னும் வருவார்கள். ஒவ்வொரு தடவையும் அதிகாரி என்னைப் பார்த்து, "இது இங்கே இருந்ததா, நீங்கள் வைத்ததா?" என்று கேட்பார். ஒருமுறை நான் வைத்தால், அடுத்த முப்பத்தெட்டுப் பேருக்கும் என் பதில் செல்லாது. இதைப் புரிந்துகொள்ள உங்களுக்கு நான்கு மாதம் போதவில்லை.

தாள் கிடைத்ததை அன்றே றம்ஸியாவுக்கும் அழகம்மாவுக்கும் சொல்லிவிட்டேன். எங்கே கிடைத்தது என்றும் சொன்னேன். றம்ஸியா திரும்பி வந்துவிட்டாள். 28ஆம் திகதி காலை ஒன்பது மணிக்குத் தாளை அவள் நுவரெலியாவுக்குக் கொண்டுவருவாள். எனக்கு அன்று குழுக் கூட்டம்.

வருவதானால் வாருங்கள். வராவிட்டால் காரணத்தை அழகம்மாவிடம் நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். எனக்கு இனி எழுத வேண்டாம்.

ரோகினி துரைராசா


லிந்துலை
29.10.2004

ரோகினி மிஸ் அவர்களுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். நடந்ததை றம்ஸியா உங்களிடம் சொல்லியிருப்பாள். அவள் இருக்காத இடங்களும் உண்டு; ஆகவே எழுதுகிறேன்.

காலை ஆறரை பஸ்ஸில் அழகம்மா எனக்கு முந்தியே ஏறியிருந்தார். என்னைக் கண்டதும் பக்கத்து இருக்கையில் பையைத் தூக்கி வைத்தார். நான் பின்னால் உட்கார்ந்தேன். நானுஓயாவில் பஸ் நின்றபோது, திரும்பிப் பார்க்காமலே, "வந்துட்டு வாயத் தொறக்காம நிப்பீங்களா, இல்ல பேசுவீங்களா?" என்று கேட்டார். "பேசுவேன்" என்றேன். "பாப்போம்" என்றார்.

அதிகாரி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிவப்புக் கோடுகளைப் பார்த்தார். நீங்கள் எழுதிக் கொடுத்த குறிப்பை வாசித்தார். பிறகு சிங்களத்தில் கேட்டார், இதைப் போனவர்கள் கட்டில் வைத்தது யார் என்று. மேசைக்கு இந்தப் பக்கம் நாங்கள் மூன்று பேர். றம்ஸியா தரையைப் பார்த்தாள். அழகம்மா என்னைப் பார்த்தார்.

"மம, சேர்" என்றேன். நான்தான் என்று.

ஏன் என்று கேட்டார். அதற்கு என் வாக்குமூலத்தில் பதில் எழுதியிருக்கவில்லை. நின்றபடியே சொன்னேன்: முப்பத்துநான்கு வருடம் சிவப்புக் கோட்டைக் கண்டால் தாளைக் கழற்றிய கை இது. நான்கு கோட்டைப் பார்த்தது. கோடு இல்லாத ஒரு பேரைப் பார்க்கவில்லை. 1971இல் பார்த்தேன், அதனால் கழற்றாமல் விட்டேன். இந்த வருடம் பார்க்கவில்லை. சொல்லும்போதுதான் அது எனக்கே தெரிந்தது.

பென்சில் எண்ணை என் கையால் ஒரு கடதாசியில் எழுதிக் காட்டச் சொன்னார். 41, 42, 43 என்று எழுதினேன். 43 கொஞ்சம் கோணலாக வந்தது. ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, அழகம்மாவிடம் ஒப்பமிடச் சொன்னார். பிரசாவுரிமைச் சான்றிதழ் தபாலில் வரும் என்றார். அழகம்மா பேனாவை வாங்கி, தன் பேரை எழுத்துக் கூட்டி எழுதினார். நீண்ட நேரம் எடுத்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

வெளியே வந்ததும் என்னை நன்றாக ஏசினார். "இத மொதல்லயே சொல்றதுக்கென்னய்யா? எத்தன தடவ ஹட்டனுக்கும் லிந்துலைக்கும் என்னய அலய வச்சீங்க? அந்தப் பொண்ணு அழுததுக்கு யாரு பதில் சொல்றது?" பிறகு, மகளுக்குத் தொலைபேசியில் கோல் எடுக்க வேண்டும், கடை எங்கே இருக்கிறது என்று கேட்டார். காட்டினேன். என்னை நிற்கச் சொல்லவில்லை.

றம்ஸியாவிடம் பஸ் நிலையத்தில் வைத்து மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. "எங்கட வாப்பாகிட்டயும் சொல்லுங்க ஐயா. கடையில ஆக்கள் இருக்கக்குள்ள சொல்லுங்க" என்றாள். லிந்துலையில் இறங்க வேண்டியவன் இறங்காமல் ஹட்டன் வரை போனேன். கடையில் ஐந்தாறு பேர் சாமான் வாங்கிக்கொண்டு நின்றார்கள். அவர்கள் போகட்டும் என்று கொஞ்ச நேரம் வாசலில் நின்றேன். ஒருவர் போனால் இன்னொருவர் வந்தார். கடைசியில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். மஃறூப் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். தராசை வைத்துவிட்டுக் கேட்டார். "இன்னொருக்கா சொல்லுங்க, பின்னுக்கு நிக்கிறவங்களுக்குக் கேக்கல்ல" என்றார். இன்னொரு தரம் சொன்னேன்.

உங்கள் நடுவத்துக்கு ஐம்பது அடி தூரத்தில் நின்றேன். உள்ளே விளக்கு எரிந்தது. வரவில்லை. எனக்குப் பயிற்சிச் சான்றிதழ் கிடையாது என்பதைத் தபாலில் அறிவித்தால் போதும். மறுத்து எழுத மாட்டேன்.

என் செப்டெம்பர் 20ஆம் திகதிக் கடிதத்தை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். முதலாவது விடயத்திலிருந்து நான் பின்வாங்கவில்லை. எட்டுப் பேர் முன்னால் அப்படிச் சொன்னது முறையல்ல. இரண்டாவதை நீங்களே ஒத்துக்கொண்டீர்கள். நான்காவதிலும் மாற்றமில்லை, நான் செய்த பிழைக்குக் காரணம் வயதல்ல, பழக்கம். அது இருபது வயதுக்காரருக்கும் வரும்.

மூன்றாவது பிழை. 42ஆம் தாள் ஸ்கேனர் மேசையில் தொலையவில்லை. என் கையில்தான் தொலைந்தது.

ஆ. செல்லசாமி